'படம்' 'பட்டம்' ஆயிடுச்சு: கம்மி காசுல மெக்கானிக்கல் கீபோர்ட் தேடறவங்களுக்காக ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர் தொழில்நுட்பப் பக்கத்துல மெக்கானிக்கல் கீபோர்ட் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். கீபோர்டையும் ஒரு பொருளா மதிச்சு தமிழ் பேப்பர்ல அரைப்பக்கம் எழுதி நான் பாத்ததே இல்ல, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா அதுல போட்டிருந்த அஞ்சு கீபோர்ட்ல ரொம்ப மலிவானதே எட்டாயிரத்துச் சொச்சம், அஞ்சுமே கேம் ஆடறவங்கள மனசுல வச்சு எழுதினது. நான் திண்டுக்கல்ல சார்பதிவாளர் ஆபீஸ் பக்கத்துல பதினோரு வருஷமா டிடிபி கடை வச்சிருக்கேன், கிரயப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், பெட்டிஷன், கல்யாணப் பத்திரிக்கை, கருமாதி பத்திரிக்கை எல்லாம் அடிக்கறேன், ஒரு பக்கம் அடிச்சா முப்பது ரூபா. எட்டாயிரம்னா இருநூத்தி அறுபது பக்கத்துக்கும் மேல, அதுல கடை வாடகை, டோனர், கரண்டு பில்லு எதுவும் கழிக்கல. என்னை மாதிரி ஆளுங்க இந்த ஊர்ல மட்டும் எத்தன பேர் இருக்கோம், கோர்ட் வாசல்ல, தாலுகா ஆபீஸ் எதுக்க, டைப்ரைட்டிங் முடிச்சுட்டு வீட்ல இருந்தபடியே டேட்டா என்ட்ரி பாக்கற பொண்ணுங்க. எங்களுக்கு ரெண்டாயிரத்துல இருந்து மூவாயிரத்துக்குள்ள நல்ல கீபோர்ட் கிடைக்குமா கிடைக்காதாங்கறதுதான் கேள்வி. கிடைக்கும். ஆனா நான் அத கண்டுபிடிக்கறதுக்குள்ள ரெண்டு கீபோர்ட் காசு போச்சு, ஒரு குடும்பத்துக்கிட்ட தலைகுனிஞ்சு நிக்க வேண்டி வந்துச்சு. அந்த நிலமை இன்னொருத்தருக்கு வரக்கூடாதுன்னுதான் இத எழுதறேன்.

நான் தொழில் கத்துக்கிட்டது டிவிஎஸ் கோல்டு கீபோர்ட்ல. இன்ஸ்டிடியூட்ல லோயரும் ஹையரும் மெஷின்ல அடிச்சு பாஸ் பண்ணிட்டு முதல்ல வேலைக்கு சேந்த கடைல அதுதான் இருந்துச்சு. பேங்க்லயும் ரயில்வே கவுன்டர்லயும் டக்கு டக்குனு சத்தம் கேட்டிருப்பீங்களே, அதே கனமான கீபோர்ட். அது மெக்கானிக்கல் கீபோர்டுங்கற விஷயமே அப்ப எனக்கு தெரியாது, கீபோர்ட்னாலே இப்பிடித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். பழைய கோல்டுல ஜெர்மனிக்காரன் செர்ரி கம்பெனி ப்ளூ ஸ்விட்ச் இருந்துச்சு, ஒவ்வொரு எழுத்துக்கு கீழயும் தனித்தனியா ஒரு ஸ்விட்ச், அதுக்குள்ள ஒரு ஸ்ப்ரிங், மெக்கானிக்கல்னா அதான். நாள் முழுக்க அடிச்சாலும் விரல் நோகாது. காரணம் என்னன்னா கீ முழுசா கீழ போறதுக்கு 4 மில்லிமீட்டர் இருக்கு, ஆனா ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்லயே எழுத்து விழுந்துடும், தரைய போய் இடிக்க வேண்டியதில்ல. சாதா மெம்ப்ரேன் கீபோர்ட்ல உள்ள ஒரு ரப்பர் குமிழி இருக்கும், அத அடிமட்டம் வரைக்கும் நசுக்கினாத்தான் எழுத்து விழும், நாளுக்கு நாப்பது பக்கம் அடிக்கறவங்களுக்கு சாயங்காலம் முழங்கை வரைக்கும் வலிக்கறது அதனாலதான்.

சொந்தக் கடை போட்டப்ப கைல காசு இல்ல. டவுன்ல ஒரு கடைல 'மெக்கானிக்கல் ஃபீல்'னு அட்டைப்பெட்டில பெருசா போட்ட ஒண்ண 1,100 ரூபாய்க்கு குடுத்தாங்க, ஏழு கலர்ல லைட்டு எரிஞ்சுது, நானும் மெக்கானிக்கல்தான்னு நம்பி வாங்கிட்டு வந்துட்டேன். 'ஃபீல்'ங்கற அந்த ஒரு வார்த்தைலதான் சூட்சுமம் இருக்கு, உள்ள அதே ரப்பர் குமிழிதான். 'செமி மெக்கானிக்கல்', 'மெக்கானிக்கல் டைப்'னு போட்டிருந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். கீ மூடிய கழட்டிப் பாத்தா கண்டுபிடிச்சுடலாம்னு சொல்லுவாங்க, அதையும் முழுசா நம்பாதீங்க, ப்ளஸ் குறி மாதிரி தண்டு வச்ச மெம்ப்ரேன் கீபோர்டும் வருது. ஸ்விட்ச் பேரு என்ன, அவுட்டெமுவா, கெய்லா, கேட்டரானானு கேளுங்க, பெட்டில ஸ்விட்ச் பேரே இல்லேன்னா அத வச்சுட்டு வாங்க. அந்த 1,100 ரூபா கீபோர்ட்ல ஆறு மாசத்துலயே எழுத்தெல்லாம் அழிஞ்சு வெறும் வெளிச்சக் கட்டியா நின்னுச்சு, ஸ்பேஸ் பார் ஒரு பக்கமா சாஞ்சே போச்சு.

அடுத்தது நிஜமாவே மெக்கானிக்கல், 1,900 ரூபா, ஆன்லைன்ல வாங்கினேன். கம்பெனி பேரு வேண்டாம். ஒரு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் இங்கிலீஷ் ஓ கீ, அதாவது நான் அடிக்கற தமிழ்99ங்கற தமிழ் கீபோர்ட் முறைல ட எழுத்து, ஒரு தடவ அடிச்சா எப்பவாவது ரெண்டு தடவ விழ ஆரம்பிச்சுது. இதுக்கு சாட்டரிங்னு பேரு. ஸ்விட்ச்சுக்குள்ள இருக்கற ரெண்டு உலோகத் தகடும் ஒட்டும்போது கண்ணுக்கு தெரியாத அளவுல துள்ளும், எல்லா கீபோர்டுலயும் துள்ளத்தான் செய்யும், கீபோர்ட்ல இருக்கற சிப்பு ஒரு சில மில்லி செகண்ட் பொறுத்துப் பாத்துட்டு ஒரே எழுத்துன்னு எடுத்துக்கும். தகடு மட்டமா இருந்தாலோ, தூசு போனாலோ, காத்து ஈரத்துல கறுத்துப் போனாலோ அந்தத் துள்ளல் நீளமாயிடும், சிப்பு அத ரெண்டு தடவ அமுக்கினதா நினைச்சுக்கும்.

ஆசிரியர் சார், இங்கதான் தமிழ்ல அடிக்கறவங்களுக்கு மட்டும் வர்ற ஒரு ஆபத்து இருக்கு, இத எந்த ரிவ்யூலயும் யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. இங்கிலீஷ்ல ஒரு எழுத்து ரெண்டா விழுந்தா கீழ சிவப்புக் கோடு போட்டு காட்டிக் குடுத்துடும். தமிழ்99ல ஒரே மெய்யெழுத்த ரெண்டு தடவ அடிச்சா முதல் எழுத்துக்கு தானா புள்ளி வந்துடும், அது அந்த முறைல இருக்கற பெரிய வசதி, க க அடிச்சா க்க, ட ட அடிச்சா ட்ட. அதனால சாட்டரிங் வந்தா பல நேரம் தப்பான எழுத்து விழாது, வேற ஒரு சரியான வார்த்தை விழும். பாடு அடிச்சா பாட்டு. குடை அடிச்சா குட்டை. எடு அடிச்சா எட்டு. ஸ்பெல் செக் ஒண்ணுமே சொல்லாது, ஏன்னா இதெல்லாம் அகராதில இருக்கற வார்த்தை. இங்கிலீஷ் எழுத்துல தட்டி தமிழாக்கறவங்களுக்கும் இதே கதிதான்.

எனக்கு நடந்தது இது. ஒரு தம்பி அவங்க அப்பா பதினாறாம் நாளுக்கு கார்டு அடிக்க வந்தாரு, 300 கார்டு. 'அன்னாரின் படத்திறப்பு நிகழ்ச்சி'னு அடிச்சேன், ப்ரூஃப் காட்டினேன், அவரு பாத்தாரு, நானும் பாத்தேன், ரெண்டு பேர் கண்ணுலயும் படல. அச்சாகி வந்த கட்டுல முதல் கார்ட அவரு எடுத்து படிக்கறப்பதான் நான் எட்டிப் பாத்தேன், 'பட்டத்திறப்பு'னு இருக்கு. அந்தத் தம்பி கோபமே படல. கொஞ்ச நேரம் கார்டையே பாத்துட்டு இருந்தாரு, பரவால்லக்கா, இப்பிடியே குடுத்துடறேன்னு சொல்லிட்டு கட்டைத் தூக்கப் போனாரு. நான் விடல. பிரஸ்காரர் வீட்டுக்கு போன் போட்டு, கைக்காசு போட்டு, ராத்திரியோட ராத்திரியா மறுபடி அச்சடிச்சு விடியக்காலை அஞ்சு மணிக்கு அவங்க வீட்ல கொண்டு போய் குடுத்தேன். வாசல்ல பந்தல் போட்டுட்டு இருந்தாங்க. காசு போனது எனக்கு பெருசா தெரியல. அப்பாவ இழந்துட்டு நிக்கற பிள்ளைக்கு நாம செஞ்சு குடுக்கற ஒரே வேலை அந்த நாலு வரி, அதுல தப்பு விட்டுட்டமேங்கறது இன்னைக்கும் உறுத்திக்கிட்டு இருக்கு. கிரயப் பத்திரத்துல இப்பிடி ஒண்ணு விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சாலே பயமா இருக்கு.

அந்த கீபோர்ட சரி பண்ண முடியல, ஏன்னா ஸ்விட்ச் எல்லாம் போர்டோட ஈயம் வச்சு ஒட்டினது. டிவி ரிப்பேர் பண்ற அண்ணன்கிட்ட குடுத்தேன், அவரு அந்த ஒரு ஸ்விட்ச்ச பிரிச்சு எடுக்கறப்ப போர்டுல தடமே பேந்து வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி யாரோ சொன்னாங்கன்னு தையல் மெஷின் ஆயில் ரெண்டு சொட்டு விட்டிருந்தேன், அதுவும் தப்பு, எண்ணெய்ல தூசு ஒட்டி இன்னும் மோசமாத்தான் ஆச்சு. தயவுசெஞ்சு யாரும் எண்ணெய் விடாதீங்க.

அப்புறம் ஒரு கல்யாணத்துக்கு பாண்டியன்ல ஏறி எக்மோர்ல இறங்கினப்ப முகூர்த்தம் முடிஞ்ச கையோட ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மவுண்ட் ரோட்டுல இருந்து உள்ள திரும்பினா அந்தத் தெரு, அதுல இருந்து நரசிங்கபுரம் தெரு, ரெண்டுலயும் சேத்து மூணு மணி நேரம் நடந்தேன். பாதி கடைல லைட்ட போட்டு காட்டினாங்க. கடைசில ஒரு சின்ன கடைல இருந்த பையன் நான் என்ன வேலை பாக்கறேன்னு கேட்டான், பத்திரம் அடிக்கறேன்னு சொன்னதும் லைட்ட ஆஃப் பண்ணிட்டு, அக்கா இத பாருங்கன்னு ஒரு சின்ன இடுக்கிய வச்சு கீ மூடிய எடுத்தான், அடுத்து அதே இடுக்கியோட மறுமுனைய வச்சு அடில இருந்த ஸ்விட்ச்சையே முழுசா பிடுங்கி என் உள்ளங்கைல வச்சான். கட்டை விரல் நகம் அளவுதான் இருக்கு, அடில ரெண்டு செம்பு நிறக் கால். இது போச்சுன்னா இத மட்டும் மாத்திக்கோங்க, இருபது முப்பது ரூபாதான்னான். ஹாட் ஸ்வாப்னு சொல்றாங்க. எனக்கு அந்த நிமிஷம் பட்டத்திறப்புதான் ஞாபகம் வந்துச்சு. ஒரு ட கீ கெட்டதுக்கு 1,900 ரூபா கீபோர்ட குப்பைல போட்டமே, அன்னைக்கு இது தெரிஞ்சிருந்தா முப்பது ரூபாயோட முடிஞ்சிருக்கும்.

அதத்தான் வாங்கினேன், 87 கீ, ப்ரவுன் ஸ்விட்ச், 2,600 ரூபா. இப்ப ரெண்டு வருஷம் முடிஞ்சுது. நடுவுல ஒரு ஸ்விட்ச் மாத்தினேன், அதுவும் ட தான், தமிழ்ல அதுக்கு அவ்வளவு வேலை.

கம்மி காசுல தேடறவங்க ஹாட் ஸ்வாப் இருக்கான்னு முதல்ல கேளுங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஒரு எச்சரிக்கை, மலிவான சில போர்டுல ஸ்விட்ச் கால் போற குழி சின்னதா இருக்கும், அவுட்டெமு ஸ்விட்ச் மட்டும்தான் போகும், அதோட கால் கொஞ்சம் மெல்லிசு. அதுல ஒண்ணும் குத்தமில்ல, ஆனா மாத்து ஸ்விட்ச் வாங்கறப்ப அதே கம்பெனியா பாத்து வாங்கணும். ஸ்விட்ச்ச நேரா செங்குத்தா அமுக்கணும், சாய்ச்சு அமுக்கினா கால் மடங்கிடும்.

செர்ரிதான் வேணும்னு பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்ல. அந்தக் கம்பெனி 1980கள்ல கொண்டு வந்த ஸ்விட்ச்சோட காப்புரிமை காலம் முடிஞ்சு போச்சு, அப்புறம் சீனாக்காரங்க அதே அமைப்புல செஞ்சு தள்ள ஆரம்பிச்சாங்க, பத்தாயிரத்துல இருந்த சரக்கு ரெண்டாயிரத்துக்கு இறங்கினதுக்கு முக்கியமான காரணம் அது. அவுட்டெமு 5 கோடி தடவ தாங்கும்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க, அது கம்பெனி கணக்கு, என் அனுபவத்துல ஒண்ணு ரெண்டு முன்னாடியே போகும், அதுக்குத்தான் ஹாட் ஸ்வாப்.

கலர் விஷயம். ப்ளூன்னா சத்தம், ஒவ்வொரு எழுத்துக்கும் கிளிக்குனு கேக்கும், மெஷின்ல அடிச்சுப் பழகினவங்களுக்கு அது அமிர்தம், கடைல வச்சுக்கலாம். ரெட் வழவழன்னு நேரா இறங்கும், செர்ரி கணக்குல 45 கிராம் அழுத்தம் போதும். மெஷின்ல பழகின என் கைக்கு அது ஆகல, விரல சும்மா வச்சாலே எழுத்து விழுந்துச்சு. ப்ரவுன் நடுவுல, லேசா ஒரு தடங்கல் தெரியும், கிளிக் சத்தம் கிடையாது, ராத்திரி பிள்ளைங்க தூங்கறப்ப வீட்ல உக்காந்து அடிக்கறவங்களுக்கு நான் அதத்தான் சொல்லுவேன்.

சைஸ்ல ஏமாந்துடாதீங்க, இது தமிழ்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். இப்ப 61 கீ வச்ச குட்டி கீபோர்ட்தான் ரொம்ப மலிவா கிடைக்குது, பாக்க அழகா இருக்கும், ஆனா ஆரோ கீ தனியா இருக்காது. சில மாடல்ல மேல் ஆரோவையும் ஸ்லாஷ் கீயையும் ஒண்ணா வச்சிருக்கான். தமிழ்99ல ஸ்லாஷ் கீலதான் ழ இருக்கு. மோடு மாறிப் போச்சுன்னா ழ அடிக்கப் போறப்ப கர்சர் மேல் வரிக்கு ஏறிடும், அங்க போய் அடுத்த எழுத்து விழும். தமிழ் அடிக்கற ஆளுக்கு ழ போற கீபோர்ட் எதுக்கு? 87 கீக்கு கீழ போகவே போகாதீங்க. சர்வே நம்பர், சதுரடி, தொகைன்னு நாள் பூரா நம்பர் அடிக்கறவங்களுக்கு 104 கீ நல்லது, ஆனா ஹாட் ஸ்வாப்போட அந்த சைஸ் இந்த விலைக்கு சட்டுனு அமையாது, நான் 350 ரூபாய்க்கு தனியா ஒரு யுஎஸ்பி நம்பர் பேட் வாங்கி பக்கத்துல வச்சுக்கிட்டேன், அது சாதா மெம்ப்ரேன்தான், அதுக்கு அது போதும்.

கீ மூடில பிபிடி பிளாஸ்டிக் கிடைச்சா நல்லது, சீக்கிரம் வழவழன்னு தேயாது. கிடைக்கலேன்னா டபுள் ஷாட்டான்னாவது கேளுங்க, அதுல எழுத்தே இன்னொரு பிளாஸ்டிக்ல வார்த்தது, எத்தன வருஷம் ஆனாலும் அழியாது. வயர்லெஸ், லைட்டு, ஓரத்துல திருகற குமிழ், இதுக்கெல்லாம் குடுக்கற காச ஸ்விட்ச்சுக்கு குடுங்க. ரெட்ராகன், காஸ்மிக் பைட், ஆன்ட் இஸ்போர்ட்ஸ் மாதிரி கம்பெனில ரெண்டாயிரத்துல இருந்து மூவாயிரத்தஞ்சூறு வாக்குல மெக்கானிக்கல் வருது, ஆனா மாடலுக்கு மாடல் வித்தியாசம் இருக்கு, மேல சொன்னத எல்லாம் கேட்டுட்டு எடுங்க. நம்ம டிவிஎஸ் கோல்டையும் ஒதுக்கிடாதீங்க, பழைய ஆபீஸ் சரக்கு செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா, எல்லா கீயும் ஓடுதான்னு பாத்து தாராளமா எடுக்கலாம், பின்னாடி வட்டமா பிஎஸ்2 பின் இருந்தா மட்டும் உங்க கம்ப்யூட்டர்ல அதுக்கு இடம் இருக்கான்னு பாத்துக்கோங்க, அடாப்டர் போட்டா எல்லா கீபோர்டும் ஓடும்னு சொல்ல முடியாது.

வாங்கிட்டு வந்த அன்னைக்கே, ரிட்டர்ன் நாள் முடியறதுக்கு முன்னாடி, நோட்பேட தொறந்து ஒவ்வொரு மெய்யெழுத்தையும் இடைல ஒரு அ போட்டு அம்பது தடவ அடிச்சுப் பாருங்க. எங்கயாவது தானா புள்ளி வந்து நின்னுச்சுன்னா அந்த ஸ்விட்ச் சரியில்ல, உடனே திருப்பிக் குடுத்துடுங்க. ஸ்பேஸ் பார நடுவுல மட்டும் அமுக்கிப் பாக்காம ரெண்டு மூலைலயும் அமுக்கிப் பாருங்க, கடகடன்னு ஆடினா அத அடில தாங்கற கம்பி சரியா உக்காரலேன்னு அர்த்தம்.

ஒரு மனக்குறைய மட்டும் சொல்லிடறேன். 1999ல சென்னைல தமிழ்நெட் மாநாடு கூட்டி, அதுக்கப்புறம் அரசாங்கமே இதுதான் தமிழுக்கு முறைன்னு தமிழ்99ஐ அறிவிச்சுது, கால் நூற்றாண்டு தாண்டிடுச்சு, இன்னைக்கும் கடைல போய் தமிழ் எழுத்து போட்ட மெக்கானிக்கல் கீபோர்ட் குடுங்கன்னு கேட்டா ஸ்டிக்கர எடுத்து நீட்டறாங்க. அந்த ஸ்டிக்கர் வெயில்ல பசை இளகி ஓரம் சுருண்டு விரல்ல ஒட்டுது. எனக்கு பரவால்ல, கீழ பாக்காம அடிப்பேன், எஃப்லயும் ஜேலயும் இருக்கற சின்ன மேடு போதும், இடது ஆள்காட்டி விரல் புள்ளி மேல, வலது ஆள்காட்டி விரல் ப மேல. ஆனா புதுசா கத்துக்க வர்ற பிள்ளைங்க பாவம், எந்த எழுத்து எங்க இருக்குன்னு தெரியாம பேப்பர்ல படம் வரைஞ்சு மானிட்டருக்கு கீழ ஒட்டி வச்சுக்கிட்டு கத்துக்குதுங்க. மெக்கானிக்கல் கீபோர்ட்ல பெரும்பாலும் கீ மூடிய மட்டும் கழட்டி மாத்திக்கலாம், அப்ப தமிழ் எழுத்து வார்த்த மூடி ஒரு செட்டு யாராவது செஞ்சா போதும், கீபோர்டையே புதுசா செய்ய வேண்டியதில்ல. சிவகாசிலயும் கோயம்புத்தூர்லயும் செய்ய முடியாத வேலையா இது? உங்க பேப்பர்ல எழுதினா யாராவது ஒருத்தர் கண்ணுல படும்.

உங்க தொழில்நுட்பப் பக்கத்துல எழுதற தம்பிக்கு ஒரு கோரிக்கை. அடுத்த தடவ கீபோர்ட் ரிவ்யூ பண்றப்ப மூவாயிரத்துக்குள்ள ரெண்டு கீபோர்டாவது சேத்துக்கோங்க, தமிழ்99 போட்டு ட கீய அம்பது தடவ அடிச்சுப் பாருங்க, ழ கீ அதோட இடத்துல இருக்கான்னு பாருங்க, மாத்து ஸ்விட்ச் எந்தக் கடைல என்ன விலைக்கு கிடைக்குதுன்னு ஒரு வரி போடுங்க. அந்த ஒரு வரிக்காக அந்தப் பக்கத்த கத்தரிச்சு கடைச் சுவத்துல ஒட்டி வைப்பேன், கீபோர்ட் கேட்டு எங்கிட்ட வர்ற பிள்ளைங்களுக்கு காட்ட.

இப்படிக்கு,
ஒரு டிடிபி ஆபரேட்டர்,
திண்டுக்கல்.